வன்னியிலிருந்து கிளினிக்குக்கு: எச்.ஐ.வி. மருந்து எடுக்கப் போகும் பயணச் செலவைச் சமாளிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

குளிசைக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. குளிசை இருக்கிற இடத்துக்குப் போகத்தான் காசு. இலங்கை அரசாங்கம் எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.ரி. மருந்தை 2004 முதல் இலவசமாகக் கொடுத்து வருகிறது. ஆனால் முத்தையன்கட்டிலோ ஜெயபுரத்திலோ பாண்டியன்குளத்திலோ இருக்கிற ஒருவருக்கு அந்த இலவச மருந்தின் விலை ஓட்டோக் கூலி, பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு, அன்றைக்கு இழக்கிற நாட்கூலி எல்லாம் சேர்ந்தது.

சில வருடங்களாகக் கிளினிக்குக்குப் போகிறவர்களுக்குத் துணையாகப் போய்வருகிறேன். அந்த அனுபவத்தில் எழுதுவது இது. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எச்.ஐ.வி. உள்ளவர் என்று காட்டி இலவசமாகப் பஸ் ஏறக்கூடிய அட்டை எதையும் இங்கே நான் கண்டதில்லை. உதவி இருக்கிறது, ஆனால் ஒரே இடத்தில் இல்லை. கிளினிக்கில் கொஞ்சம், பிரதேச செயலகத்தில் கொஞ்சம், சங்கத்தில் கொஞ்சம் என்று பொறுக்கிச் சேர்க்க வேண்டும். பொறுக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது: பஸ் காசுக்காக உங்கள் ரகசியத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பஸ் காசு அடுத்த மாதமும் தேவைப்படும். ரகசியம் ஒருதரம் போனால் திரும்பி வராது.

படி 1: உண்மையான செலவைக் கொப்பியில் எழுதுங்கள்

"போக வர எவ்வளவு செலவு?" என்று கேட்டால் எல்லோரும் பஸ் ரிக்கெற்றைத்தான் சொல்வார்கள். வன்னியில் காசைத் தின்பது பெரிய றோட்டு இல்லை, பெரிய றோட்டுக்கு வருகிற ஒழுங்கை. விசுவமடுச் சந்தியிலிருந்து 6 கிலோமீட்டர் உள்ளே இருக்கிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டோக்காரர் கிலோமீட்டருக்கு 100 ரூபாய் கேட்டால் சந்திக்கு வர 600, திரும்பிப் போக 600. சந்தியில் ஏறிப் பரந்தன் வழியாக யாழ்ப்பாணம் போய்வர சாதாரண பஸ்ஸுக்கு அவ்வளவு முடியாது.

ஆகவே கணக்கை நான்காகப் பிரித்து எழுதுங்கள்: வீட்டிலிருந்து பஸ் ஏறும் இடம் வரை, பஸ், சாப்பாடு, போன கூலி. எங்கே வெட்டலாம் என்று அப்போது தெரியும். அநேகம் பேருக்கு அது முதல் வரியில்தான் இருக்கும். சந்தை நாளில் மரக்கறி ஏற்றிப் போகிற லான்ட்மாஸ்டரிலோ, பள்ளிக்கூடம் போகிற ரீச்சரின் மோட்டார்சைக்கிளிலோ சந்தி வரை வந்துவிட்டால் பாதிச் செலவு குறைந்துவிடும். சைக்கிளில் வந்து தெரிந்த கடையில் விட்டுவிட்டு பஸ் ஏறுகிறவர்களும் உண்டு.

இந்தக் கணக்கு உங்களுக்கு மட்டுமானதில்லை. உதவி கேட்கும் இடத்தில் "கஷ்டமாக இருக்கிறது" என்பதற்கும், "ஒருதரம் போய்வர 2,400 ரூபாய், வருடத்துக்கு ஆறுதரம்" என்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

படி 2: காசு தேடமுதல் பயணத்தைக் குறையுங்கள்

பலர் தவறவிடுகிற படி இது. மாதம் ஒருதரம் போகிறவர் மூன்று மாதத்துக்கு ஒருதரம் போனால் செலவு மூன்றில் ஒன்றாகிறது. எந்தத் திட்டமும் இவ்வளவு தராது.

சிகிச்சையில் நிலையாக இருப்பவர்களுக்கு 3 முதல் 6 மாதத்துக்கான மருந்தை ஒன்றாகக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இலிருந்து சொல்லி வருகிறது. நிலையாக இருப்பது என்றால்: குறைந்தது ஆறு மாதமாவது ஏ.ஆர்.ரி. எடுத்திருக்க வேண்டும், குளிசையைத் தவறவிடாதவராக இருக்க வேண்டும், கட்டுப்பாட்டில் இல்லாத வேறு நோய் எதுவும் இப்போது இருக்கக் கூடாது, மருந்து வேலை செய்கிறது என்று வைரஸ் அளவுப் பரிசோதனை காட்ட வேண்டும். புதிதாகத் தொடங்கியவர், கர்ப்பிணி, காசநோய்க்கும் மருந்து எடுப்பவர் ஆகியோரை டொக்டர் அடிக்கடி வரச் சொல்வார். அதில் பேரம் பேசாதீர்கள்.

மற்றவர்கள் கேட்க வேண்டும். கேட்காமல் கிடைப்பது குறைவு. டொக்டர் உங்கள் முகத்தைப் பார்த்து நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கண்டுபிடிக்கமாட்டார். இப்படிக் கேட்டால் போதும்: "டொக்டர், நான் ஒட்டுசுட்டானுக்கு அங்காலை இருந்து வாறன். விடிய நாலு மணிக்கு வெளிக்கிட வேணும். ஒரு நாள் கூலியும் போகுது. என்ரை வைரஸ் அளவு நல்லா இருக்கெண்டால் மூண்டு மாத மருந்தை ஒண்டாத் தரேலுமோ?" கையிருப்புப் போதாமல் இரண்டு மாதத்துக்குத்தான் தந்தால் வாங்கிக்கொண்டு, அடுத்தமுறை திரும்பக் கேளுங்கள்.

இன்னும் மூன்று சின்ன வேலைகள். வைரஸ் அளவுக்கு இரத்தம் எடுக்கும் நாளையும் மருந்து எடுக்கும் நாளையும் ஒன்றாக்கச் சொல்லுங்கள். சிகிச்சை நிலையாகிய பிறகு அந்தப் பரிசோதனை பொதுவாக வருடத்துக்கு ஒருதரம்தான், அதற்கென்று தனியாக ஒரு பயணம் வேண்டாம். அதே வைத்தியசாலையில் பிரஷருக்கோ சீனி வருத்தத்துக்கோ வேறு கிளினிக் இருந்தால் அந்தத் திகதியையும் பக்கத்தில் கொண்டுவரப் பாருங்கள். அடுத்தமுறை வெறுவயிற்றோடு வர வேண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள். வைரஸ் அளவுப் பரிசோதனைக்கு வெறுவயிறு தேவையில்லை, சீனிக்கும் கொழுப்புக்கும் தேவைப்படலாம். தெரியாமல் சாப்பிட்டுப் போய், "நாளைக்கு வாங்கோ" என்று திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

மூன்று மாத மருந்து வீட்டுக்கு வந்தால் அதை வைக்க ஒரு இடமும் வேண்டும். வைகாசி, ஆவணி வெயிலில் தகரக் கூரை வீடு எப்படிக் கொதிக்கும் என்று நமக்குத் தெரியும். இந்தக் குளிசைகளை 30 பாகை செல்சியஸுக்கு மேற்படாத இடத்தில் வைக்கச் சொல்வார்கள். கூரைக்குக் கீழே உள்ள தட்டு, மோட்டார்சைக்கிள் சீற்றுக்குக் கீழே உள்ள பெட்டி இரண்டும் கூடாது. சுவரோரம் நிலத்தோடு, நிழலில், மூடி இறுக்கிய அதே போத்தலில் வையுங்கள். உள்ளே கிடக்கிற ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எறிந்துவிடாதீர்கள். பஸ்ஸில் வரும்போது போத்தல் குலுங்கிச் சத்தம் போடும், பக்கத்து சீற்காரர் திரும்பிப் பார்ப்பார். ஒரு துவாயில் சுற்றி வைத்தால் சத்தம் வராது.

படி 3: கிட்ட உள்ள கிளினிக்கா, தூர உள்ள கிளினிக்கா?

வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு நான்கு மாவட்டங்களிலும் தேசிய பாலியல் நோய் மற்றும் எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் சிகிச்சை நிலையங்கள் உண்டு. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கும் பலர் போகிறார்கள். உங்களுக்குத் தேவையான மருந்தை உங்கள் மாவட்ட நிலையத்திலேயே எடுக்கலாமா என்று இப்போது போகிற இடத்தில் கேளுங்கள். இரத்தம் ஓரிடத்தில், குளிசை இன்னோரிடத்தில் என்றும் ஒழுங்கு செய்யலாம்.

கிட்ட இருந்தால் செலவு குறைவு. ஆனால் மருந்து கொடுக்கிறவர் மச்சாளின் வகுப்புத் தோழியாக இருப்பார், வாசலில் நிற்கிற காவலாளி பக்கத்து வளவுக்காரராக இருப்பார். அதனால் முல்லைத்தீவிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் போய் யாழ்ப்பாணத்தில் மருந்து எடுக்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் நேர்மையாகக் கேட்டுப் பாருங்கள்: அந்தத் தூரத்துக்கு வருடம் முழுவதும் காசு தேடமுடியுமா? முடியாமல் இடையில் நிற்கப்போகிறீர்கள் என்றால், கிட்ட உள்ள கிளினிக்கின் வெட்கம் அதைவிட மேல். வெட்கத்தோடு வாழலாம்.

மாற விரும்பினால் இப்போதைய கிளினிக்கில் இடமாற்றக் கடிதம் கேளுங்கள். எடுக்கும் மருந்துகளின் பெயர், தொடங்கிய திகதி, கடைசி வைரஸ் அளவு மூன்றும் அதில் இருக்க வேண்டும். கையில் ஒரு மாத மருந்து இல்லாமல் மாறாதீர்கள். அரிவி வெட்டுக்கும், மேசன் வேலைக்கும், கொழும்புக்கு கார்மெண்ட் வேலைக்கும் போகிறவர்களுக்கும் இதே கடிதம்தான்.

படி 4: கிளினிக்குக்குள்ளேயே முதலில் கேளுங்கள்

உங்கள் நிலைமை ஏற்கெனவே தெரிந்த ஒரே இடம் அதுதான். அங்கே கேட்பதற்குப் புதிதாக எதையும் வெளிப்படுத்தத் தேவையில்லை. தாதியிடமோ, ஆலோசனை சொல்பவரிடமோ இரண்டு கேள்வி கேளுங்கள்: "தூர இருந்து வாற ஆக்களுக்குப் பயணக் காசு குடுக்கிற திட்டம் ஏதும் இப்ப இருக்கோ?" "எச்.ஐ.வி. உள்ள ஆக்களின்ரை சங்கம் எதோடையாவது தொடர்பு எடுத்துத் தரேலுமோ?" லங்கா பிளஸ் போன்ற அமைப்புகள் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களே சேர்ந்து நடத்துபவை. குடும்பத் திட்டமிடல் சங்கமும் இந்தத் துறையில் நீண்டகாலமாக வேலை செய்கிறது. இப்படிப்பட்ட வேலைகள் பெரும்பாலும் வெளிநாட்டு நிதியில், காலக்கெடுவோடு நடப்பவை. போன வருடம் ஒருவருக்குக் கிடைத்தது இந்த வருடம் உங்களுக்குக் கிடைக்கும் என்று நம்பி இருக்கவும் வேண்டாம், போன வருடம் இல்லை என்றார்கள் என்று கேட்காமல் விடவும் வேண்டாம்.

பயணக் காசைத் திருப்பித் தருகிறவர்கள் ரிக்கெற் கேட்பார்கள். பிரைவேற் பஸ்ஸில் ரிக்கெற் தருவது அபூர்வம். சீ.ரீ.பி. என்கிற அரசாங்க பஸ்ஸில் மெஷின் ரிக்கெற் தருவார்கள், ஆனால் அதன் மை இரண்டு மாதத்தில் மங்கி வெறும் வெள்ளைக் கடதாசியாகிவிடும். கையில் வாங்கிய உடனேயே போனில் படம் எடுத்துவிடுங்கள். ரிக்கெற் இல்லாத ஓட்டோவுக்கு திகதி, இடம், காசு மூன்றையும் கொப்பியில் எழுதுங்கள்.

படி 5: கந்தோரில் வறுமையைச் சொல்லுங்கள், நோயைச் சொல்லாதீர்கள்

பயணத்துக்கென்று தனி உதவி இல்லாவிட்டாலும், மாதம் வருகிற எந்த உதவிப் பணமும் பஸ் காசுதான்.

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற அஸ்வெசும உதவிப் பணம் 2023 ஜூலையில் தொடங்கியது. குடும்பத்தின் கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு என்பவற்றைப் பார்த்து ஆட்களைத் தெரிகிறார்கள். வீட்டில் நாட்பட்ட நோய் உள்ளவர் உண்டா என்று கேட்டால் "ஓம், கிளினிக் போகிறவர்" என்பது உண்மையான, போதுமான பதில். விண்ணப்பத்துக்கும் முறைப்பாட்டுக்கும் பிரதேச செயலகத்தில் உள்ள நலன்புரி நன்மைப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 1924க்கு அழையுங்கள். 

அடுத்தது மாகாண சமூக சேவைத் திணைக்களத்தின் பொதுசன மாதாந்த உதவிப்பணம். நம்முடைய ஆட்கள் பிச்சைச் சம்பளம் என்பார்கள். பெயரைக் கேட்டுக் கூசாதீர்கள், தொகை சின்னது, ஆனால் ஒழுங்காக வரும். கிராம அலுவலரின் சிபாரிசோடு பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் கொடுக்க வேண்டும். கணவனை இழந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமார் என்று வன்னியில் தனியாகக் குடும்பம் நடத்துகிற பெண்கள் ஏராளம். அவர்கள் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் பார்க்கலாம். அந்தக் கதவில் நோய் என்ற பேச்சே தேவையில்லை.

எந்த விண்ணப்பத்துக்கும் வைத்தியரின் கடிதம் கேட்கலாம். கடிதத்தில் இவ்வளவு போதும்: "இவர் நாட்பட்ட நோயொன்றுக்காக ஒழுங்காகச் சிகிச்சை பெற்று வருகிறார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நேரில் சமுகமளிக்க வேண்டும்." இனிச் சொல்வதைக் கவனியுங்கள். கடிதத்தில் நோயின் பெயர் இல்லாவிட்டாலும், தலைப்பிலும் அடியில் குத்துகிற இறப்பர் முத்திரையிலும் கிளினிக்கின் பெயர் இருந்தால் எல்லாம் போச்சு. வைத்தியசாலையின் பொதுக் கடிதத் தலைப்பில், பொது முத்திரையோடு தரச் சொல்லிக் கேளுங்கள். இது எனக்குப் புத்தகத்தில் கிடைத்த பாடமில்லை. ஒரு கந்தோரில், வரிசையில் பதினைந்து பேர் நிற்க, முத்திரையை ஒருவர் சத்தமாக வாசித்தார். நான் கூட்டிப் போன அக்கா அந்தக் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தவர், அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

அதே காரணத்துக்காகக் கிளினிக் கொப்பியைச் சந்தியில் உள்ள கடையில் போட்டோக்கொப்பி எடுக்காதீர்கள். உத்தியோகத்தர் "என்ன நோய்?" என்று கட்டாயப்படுத்தினால், "டொக்டரைக் கேளுங்கோ, கடிதத்திலை இருக்கிறதுதான் எனக்குத் தெரியும்" என்று சொல்லி நிறுத்துங்கள்.

கிராமத்து மாதர் சங்கத்தில் அவசரக் கடன் கொடுப்பதுண்டு, "கிளினிக் போக" என்றாலே விளங்கிக்கொள்வார்கள். கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலுக்கு வந்து வசூலிக்கிற நுண்கடன் கம்பனிகளிடம் மட்டும் பஸ் காசுக்காகப் போகாதீர்கள். அந்தக் கடனில் வன்னிப் பெண்கள் எப்படி மூழ்கிப்போனார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

படி 6: பயண நாள்

ஏ9 வீதியோரம் இருப்பவர்கள் புகையிரதத்தையும் கணக்கில் எடுங்கள். வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் எல்லாவற்றிலும் நிலையம் உண்டு. மூன்றாம் வகுப்பு பல வேளை பஸ்ஸைவிட மலிவு. நேரம் கிளினிக்குக்குத் தோதாக இருக்கிறதா என்று முதல் நாளே நிலையத்தில் கேளுங்கள், எல்லாப் புகையிரதமும் சின்ன நிலையங்களில் நிற்காது. மன்னார்க்காரர்கள் கவனிக்க வேண்டியது: தலைமன்னார்ப் பாதை மடு றோட் வழியாக மதவாச்சிக்குப் போகிறது, வவுனியாவுக்கு நேரே வராது. அங்கே இறங்கி மாறுவதைவிட பஸ்தான் வசதி. முல்லைத்தீவுக்குப் புகையிரதமே இல்லை. மாங்குளம் வரைக்கும் பரந்தன் வரைக்கும் ஏறத்தாழ ஐம்பது ஐம்பது கிலோமீட்டர், இரண்டும் பஸ்தான். சீசன் ரிக்கெற் எடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அது நாள்தோறும் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களுக்கு, மூன்று மாதத்துக்கு ஒருதரம் போகிறவருக்கு நட்டம்.

வன்னி பஸ்ஸில் தெரியாத முகம் கிடையாது. "என்ன தங்கச்சி, விடியக்காலமை எங்கை?" என்று ஒரு அக்கா கட்டாயம் கேட்பார். பதிலை வீட்டிலேயே தயார் பண்ணிக்கொண்டு ஏறுங்கள். "கண் காட்டப் போறன் அக்கா" நல்ல பதில், ஏனென்றால் கண் கிளினிக்குக்கு எல்லோரும் போகிறார்கள். ஒவ்வொருமுறையும் ஒரே பதிலாக இருக்கட்டும்.

மழைக்காலத்துக்குத் தனிக் கணக்கு. கார்த்திகை, மார்கழியில் குளங்கள் வான் பாயும்போது உள் வீதிகள் அறுபடும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தார்கள். கதவடைப்பு, வேலைநிறுத்தம், 2022இல் பார்த்ததுபோல் எரிபொருள் தட்டுப்பாடு எதுவும் சொல்லிவிட்டு வருவதில்லை. அந்த வருடம் ஜூலையில் பஸ்ஸின் ஆகக் குறைந்த கட்டணமே 40 ரூபாய்க்கு ஏறியது. ஆகவே கிளினிக் திகதி மார்கழியில் விழுந்தால் இரண்டு கிழமை முந்திப் போய் வாருங்கள். எப்போதும் இரண்டு கிழமை மருந்து கையில் மிச்சம் இருக்கும்படி திகதி கேளுங்கள்.

படி 7: அன்றைக்குக் காசே இல்லையென்றால்

ஒருநாள் விட்டு ஒருநாள் குளிசை போட்டு நாளை நீட்டாதீர்கள். இரத்தத்தில் மருந்து குறையக் குறைய வைரஸ் அதற்குப் பழகி, பிறகு முழு மருந்துக்கும் மசியாது. ஒழுங்காக எடுத்து வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கியிருந்தால் உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது. அந்தப் பாதுகாப்பும் இந்தக் குளிசையில்தான் நிற்கிறது.

குளிசை முடிய ஒரு கிழமை இருக்கும்போதே கிளினிக்குக்கு போன் எடுங்கள். அந்த இலக்கத்தை "கண் டொக்டர்" என்று பதிந்து வைத்தால் போதும். வர முடியாததைச் சொல்லி, கிட்ட உள்ள மாவட்ட நிலையத்தில் இடைக்கால மருந்து எடுக்க ஒழுங்கு செய்யச் சொல்லுங்கள். திகதி பிந்திவிட்டது, ஏசுவார்கள் என்று பயந்து போகாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். ஏசட்டும். போங்கள். கர்ப்பிணியாக இருந்தால் ஒரு நாளும் பிந்தக் கூடாது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது, அப்படிப்பட்ட தாய்மார் நேரத்துக்கு மருந்து எடுத்ததால்.

படி 8: சலுகை கேட்டு மனுக் கொடுக்கிறவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து திரும்பி வந்தவர்கள் அங்கே இருந்ததே என்று கேட்பதுண்டு. இந்திய ரயில்வேயில், குறிக்கப்பட்ட ஏ.ஆர்.ரி. மையத்துக்குச் சிகிச்சைக்குப் போகும் எயிட்ஸ் நோயாளருக்கு இரண்டாம் வகுப்பில் பாதிக் கட்டணச் சலுகை உண்டு. அமெரிக்காவில் 1990இல் வந்த ரையன் வைட் சட்டத்தின் கீழ், வருமானம் குறைந்த எச்.ஐ.வி. உள்ளவர்கள் மருத்துவத்துக்குப் போகும் பயணத்தையும் ஒரு சேவையாகவே தருகிறார்கள். பஸ் பாஸ், எரிபொருள் சீட்டு என்று தருவார்கள், கையில் காசாகத் தருவதில்லை.

இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும் என்று பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைக்கோ மாகாண சபைக்கோ சங்கங்கள் எழுதலாம், எழுத வேண்டும். எழுதும்போது எச்.ஐ.வி.க்கு மட்டும் என்று கேட்காதீர்கள். சிறுநீரகம், புற்றுநோய், காசநோய், மனநோய் என்று நீண்டகாலம் கிளினிக் போகிற எல்லோரையும் சேர்த்துக் கேளுங்கள். அட்டையில் "நீண்டகாலச் சிகிச்சை" என்பதற்கு மேல் ஒரு சொல்லும், அடையாளக் குறியும், தனி நிறமும் இருக்கக் கூடாது என்று மனுவின் முதல் பந்தியிலேயே எழுதிவிடுங்கள். அதை வாங்கிப் பார்க்கப் போகிற கொண்டக்டரும் நம்முடைய ஊர்ப் பெடியன்தானே.